நீச்சல் குளத்துக்குப் போன மோட்டர்

வெள்ளம் வடிந்ததும் எங்கள் ஊரான கண்டக்குழியில் கிணறுகளெல்லாம் நாறின. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் அவற்றுக்குள் இறங்கியிருந்தது. கிணறுகளை இறைத்து, குளோரின் போட்டுக் கொடுப்பது எங்கள் நலன்புரிச் சங்கத்தின் வேலை. அதற்கென்றே ஊர் சேர்ந்து ஒரு தண்ணீர் மோட்டர் வாங்கியிருந்தது. நான் முன்பள்ளி ஆசிரியை. சங்கத்தின் செயலாளரும் நான்தான். அன்று காலை சங்கத்து அறையைத் திறந்தால் மோட்டரைக் காணவில்லை.

தலைவரான ஹாஜியாரின் வீட்டுக்குப் போனேன்.

"அது கடற்கரை லொட்ஜுக்குப் போயிருக்கு டீச்சர். அவங்கட நீச்சல் குளத்துல சேறு நிறைஞ்சிட்டாம். ரெண்டு நாள்தானே."

"ரெண்டு நாளைக்கு சனம் எதைக் குடிக்கிற?"

"தண்ணி பவுசர் வரும். அவங்கட உதவி நாளைக்கு நமக்குத் தேவைப்படும்."

அவரது கதிரைக்குப் பக்கத்தில் போத்தல் தண்ணீர் அடுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவளுடைய மகளுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையைத் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்று ஓட்டோவில் ஏறினாள்.

லொட்ஜில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை இயக்கியவர் லொட்ஜில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்; அண்ணன் முறையில் நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் வீட்டுக் கிணறும் நாறித்தான் கிடந்தது.

"நானா, நிப்பாட்டுங்க" என்றேன்.

அவர் என்னையும் பக்கத்தில் நின்ற லொட்ஜ் முகாமையாளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிறுத்தினார். பக்கத்து வீட்டுப் பெண் குளத்துக்குள் இறங்கிக் குழாயை இழுத்தெடுத்தாள்.

"ஹாஜியார்தான் தந்தாரு" என்றார் முகாமையாளர்.

"அவர்ட வீட்டு மோட்டர் இல்ல இது" என்றேன் நான்.

நானாவும் ஒரு பக்கம் பிடிக்க, தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். மூன்று நாளில் எல்லாக் கிணறுகளையும் இறைத்தோம். பிள்ளையும் தேறினாள்.

அடுத்த கிழமை லொட்ஜில் நானாவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே கிழமை நடந்த சங்கக் கூட்டத்தில், உலருணவுப் பொதிகள் தந்ததற்காக லொட்ஜுக்கு நன்றி சொன்னார் ஹாஜியார். நானாவின் வேலை போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருடைய வேலைக்கு யார் பதில் சொல்வது என்று எழும்பி நான் கேட்டேன்.

"கூட்டத்துல பொம்புளைங்க இப்படிச் சத்தம் போடலாமா?" என்றார் ஹாஜியார்.

"போடலாம், ஹாஜியார். சனத்திட தண்ணிக்காக வேலை போனவருக்குத்தான் போடுறேன்."

இரண்டு பேர் தலை குனிந்தார்கள். மற்றவர்கள் தேநீரை எடுத்தார்கள். நானா இப்போது இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார். லொட்ஜ் ஆட்களைக் கண்டால் இன்றும் எனக்கு சலாம் சொல்ல மனம் வருவதில்லை.