பாம்பரசனின் நாக்கு

ஷாம் ஷுய் போ என்கிற சீனக் கடைத்தெருப் பக்கத்தில் ஒருவனைப் 'பாம்பரசன்' என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம். பாம்பை உரித்து சூப் வைத்து ஊருக்குக் குளிர்கால வைத்தியம் பார்க்கிறவன் என்பது ஒன்று. வேலை நேரத்தில் டிமிக்கி கொடுத்துவிட்டு எங்காவது சுருண்டு படுக்கிறவன் என்பது இன்னொன்று. யிம் கின்-சியுங்குக்கு அவன் அப்பா விட்டுப்போனது முதல் அர்த்தம். இரண்டாவதை அவனே சம்பாதித்துக்கொண்டான்.

நான் சொல்ல வந்தது அவன் மனைவி குவாங் மெய்-யூக்கைப் பற்றி. ஆனால் அந்தக் கடையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் பேச்சு முதலில் அவனிடம்தான் போகிறது. பாருங்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

மெய்-யூக் மருமகளாக வந்த வருஷமே சுவரோரத்து மர இழுப்பறைகளைத் திறக்கக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள பாம்பு. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் சாரையும் சேர்ந்தால்தான் கழுத்திலோ இடுப்பிலோ முழங்காலிலோ எங்கே வாதம் பிடித்திருந்தாலும் இறங்கும் என்பது அங்கத்திய நம்பிக்கை. எலும்பு, கோழி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், கரும்புத் துண்டு எல்லாம் போட்டு விடியற்காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிடுவாள். வெந்த இறைச்சியைக் கத்தி படாமல் கையால் நூல் நூலாகக் கிழிக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அவள் விரல் நுனி வெடித்துத்தான் கிடக்கும்.

அவள் கிழித்துக்கொண்டிருக்கும்போது பாம்பரசன் குதிரைப் பந்தயத் தாளை விரித்தபடி கல்லாவில் இருப்பான். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டவர்கள், "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவனும் கூச்சமே இல்லாமல் தலையாட்டுவான். புத்தாண்டுக்குள் அப்பாவின் பழைய பலகையைக் கழற்றிவிட்டு 'பாம்பரசன் சியுங்' என்று தன் பேரில் புதுப் பலகை மாட்ட வேண்டும் என்று வேறு அவனுக்கு ஆசை.

மெய்-யூக்கிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து உட்கார்ந்தாலும் ஈரக் கையோடு அடுக்களையிலிருந்து வந்து, "நாக்கை நீட்டுங்க" என்பாள். நாக்கு வெளுத்திருந்தால் உடம்பில் குளிர், தாராளமாகச் சாப்பிடலாம். சிவந்து மஞ்சள் படிந்திருந்தால் உள்ளே சூடு. பாம்பும் சூடு என்பதால் ஒரு வாய் கூடக் கிடையாது, வெறும் கஞ்சிதான். வருகிற கிராக்கியை விரட்டுகிறாள் என்று புருஷன் முணுமுணுப்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

டிசம்பரில் ஒரு நாள் பல்வலி தாங்காமல் வைத்தியரிடம் போகக் கிளம்பினாள்.

"சூப் கொதிச்சபடி இருக்கு. யாரா இருந்தாலும் நாக்கைப் பாத்துட்டுக் கொடுங்க."

"எனக்குத் தெரியாதா? நான் யாரு?"

"யாருன்னு தெரிஞ்சதாலதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்துத் தையல்காரர் ஹௌ நடுங்கிக்கொண்டே வந்தார். மெஷின் மிதித்து மிதித்து முட்டி பிடித்துக்கொண்ட மனிதர், வாடிக்கையாகச் சாப்பிடுகிறவர். அன்று அவருக்குக் காய்ச்சல், உள்ளே சூடு. சியுங் பந்தயத் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஒரு கிண்ணம் சூப்பைத் தள்ளிவிட்டு, போதாததற்குப் பாம்புப் பித்தம் கலந்த சாராயத்தையும் ஊற்றிக் கொடுத்தான். ராத்திரியே ஹௌவுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. மனிதர் படுத்த படுக்கையானார்.

காலையில் ஹௌவின் மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். தெருவே எட்டிப் பார்த்தது.

"என்னத்தய்யா கொடுத்த எங்க வீட்டுக்காரருக்கு?"

"என்னைக் கேட்டா? நான் கல்லாவுல உக்காந்திருக்கறவன்மா. சமைச்சது அவ" என்று பந்தயத் தாளை அடுக்களைப் பக்கம் நீட்டினான் சியுங்.

கேட்கிற நமக்கே வயிறு எரிகிறதே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? கிழித்த இறைச்சி கையில் அப்படியே நின்றது. இத்தனை வருஷம் ஒருவர் வயிற்றையும் கெடுக்காத கை அது. மத்தியானத்துக்குள், யிம் வீட்டு சூப்பில் என்னவோ கோளாறாம் என்று மீன் சந்தை வரை பேச்சு போய்விட்டது. அன்று பாதி மேசை காலி. அண்டா நிறைய சூப் மிஞ்சியது.

சாயங்காலம் பச்சைப்பயறுக் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஹௌ வீட்டுக்குப் போனாள்.

"என் சூப்புல தப்பில்ல அக்கா. காய்ச்சக்காரருக்கு அதைக் கொடுத்தது தப்பு. அது எங்க கடைத் தப்புதான், இல்லேங்கல."

ஹௌவின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படுக்கையிலிருந்து ஹௌதான் பேசினார். "அவளை ஏன்டி முறைக்கிற? அந்தச் சோம்பேறி நாக்கைக் கேக்கவே இல்ல. சூப்பு ஆசையில நானும் நீட்டல."

திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சூப் நல்லாருந்தா ராஜா நீங்க. மூக்குல ரத்தம் வந்தா மட்டும் சமையல்காரி நானா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதைப் போய்ப் பெருசு பண்றியே."

"பெருசுதான். எனக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் தெருவுல போட்டுட்டீங்க."

அவன் தாளைப் புரட்டினான்.

அந்த வாரக் கடைசியில், சியுங் சொல்லிவைத்திருந்த பலகை எழுதுகிறவர் வந்தார். சியுங் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"பாம்பரசன்னு போட்டுட்டேன் யிம் அண்ணி. பேரு 'சியுங்'தானே?"

"பேரு வேண்டாம். பாம்பரசன்னு மட்டும் இருக்கட்டும்."

"யாருன்னு தெரிய வேண்டாமா?"

"தெருவுக்கே தெரியும். கீழ இன்னொரு வரி எழுதுங்க. 'சமைப்பது குவாங் மெய்-யூக்.' எழுத்து மேல இருக்கற அளவுலயே இருக்கணும்."

எழுதுகிறவர் பலகையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே தூரிகையை நனைத்தார்.

சியுங் இறங்கி வந்தபோது பலகை மேலே ஏறிவிட்டது. முதல் வரியைப் பார்த்து அவனுக்கு மெத்தப் பெருமை. எதிர்க்கடைக்காரர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியும்போது மாலையாகிவிட்டது. "கழட்டச் சொல்லு" என்று குதித்தான். "ஏணி பின்னாடி இருக்கு, நீங்களே ஏறிக் கழட்டுங்க" என்றாள் மெய்-யூக். ஏணியில் ஏறுவதும் வேலைதானே. பலகை அப்படியே இருந்தது.

ஜனவரிக் குளிரில் கடை மறுபடி நிரம்பியது. ஹௌவும் எழுந்து வந்துவிட்டார். உட்காரும்போதே வெளுத்த நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று சியுங்குக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டா" என்றான்.

மெய்-யூக் கிண்ணத்தோடு வந்து கல்லா முன்னால் நின்றாள். "நாக்கை நீட்டுங்க."

"என்கிட்டயேவா?"

"இந்தக் கடையில எல்லாருக்கும் ஒரே முறைதான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் கொஞ்ச நேரம் அவளையே முறைத்தான். சூப்பின் மணம் அவன் மூக்குக்கு எட்டியதோ என்னவோ, கடைசியில் வாயைத் திறந்து நீட்டினான். நாக்கு சிவந்து, மஞ்சள் படிந்திருந்தது.

"ராஜாவுக்குக் கஞ்சி" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை ஹௌவின் முன்னால் வைத்தாள் மெய்-யூக்.