கண்டது, கேட்டது, சந்தேகப்பட்டது

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே கேட்பது, "ஊசியக்கா இருக்காங்களா?" என்றுதான். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. நரம்பே பிடிபடாத கையைக்கூட இரண்டு தட்டுத் தட்டி, வீட்டுக்கதை விசாரித்து, ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவாள். அந்தப் பேரையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவளுடைய கர்வம் வேறு. இருபத்தாறு வருஷத்தில் ஒரு டியூப்பில்கூட ஆள் மாறி லேபிள் ஒட்டியதில்லை.

ஆனால் முன்கோபம் உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். அவள் கதவைச் சாத்தினால் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். இதெல்லாம் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பேச்சல்ல. வருஷத்துக்கு ஒரு நாள் அவளே கேட்டு வாங்கிக்கொள்கிற பட்டியல்.

அந்த நாள் பவாரணைப் பௌர்ணமி. மழைக்காலத்தில் மூன்று மாதம் புத்த பிக்குகள் ஊர் சுற்றாமல் ஒரே விகாரையில் தங்குவார்கள். அத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் கிடந்தால் யாருடைய குறட்டையும் யாருக்கும் மறையாது. கடைசிப் பௌர்ணமியன்று ஒவ்வொருவரும் மற்றவர்களைக் கைகூப்பிக் கேட்க வேண்டும்: என்னிடம் குற்றம் கண்டிருந்தால், கேட்டிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால், இரக்கம் வைத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். முதலில் கேட்க வேண்டியவர் மூத்தவர். அது பிக்குகளின் சபைக்குள் நடப்பது, மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிரசங்கத்தில் அதைக் கேட்டபோது ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. எண்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரர் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்கிறார், நமக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

அன்றிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய் எட்டுச் சீலம் என்கிற ஒரு நாள் நோன்பு எடுத்து வந்து, முதலில் வீட்டில் கேட்பாள். "நான் சீரியல் பாக்கிறப்போ பேச்சுக் கொடுக்கிறே" என்பார் கணவர், வருஷா வருஷம் அதையே. பிறகு நிலையத்தில் கேட்பாள். எதிர்ப்பேச்சு பேசக் கூடாது, சாக்குச் சொல்லக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் நிற்கிற கோலத்தைப் பார்க்கவே எல்லாரும் காத்திருப்பார்கள்.

இந்த வருஷமும் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கைகூப்பி நின்றாள். ரத்தம் சோதிக்கிற மெஷின்காரர் கதவைச் சொன்னார். கூட்டுகிற அம்மா, பஞ்சைக் கூடைக்கு வெளியே எறிவதைச் சொன்னாள். வரவேற்பு மேசைப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?"

"நான் எதையும் பாக்கலைக்கா. யாரும் சொல்லிக் கேக்கவும் இல்லை."

"மூணாவது ஒண்ணு இருக்கே."

அந்தப் பெண் கையைப் பிசைந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. போன செவ்வாய்க்கிழமை வாத்தியாரும் லாரிக்காரரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் வந்தாங்கல்ல? லாரிக்காரர் என் எதிர்லதான் உக்காந்திருந்தார். ஒரு மணி நேரத்துல மூணு பாட்டில் தண்ணி குடிச்சார், நாலு தரம் பாத்ரூம் போனார். அவருக்குச் சர்க்கரையே இல்லைன்னு வந்துச்சு. தினம் அஞ்சு மைல் நடக்கிற வாத்தியாருக்கு முந்நூறுன்னு வந்து, மாத்திரையும் எழுதிக் கொடுத்துட்டாங்க."

ஊசியக்காவின் முகம் சிவந்தது. யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய் என்பது தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினாள். செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தாள். வாத்தியாருக்கு ரத்தம் எடுத்து, லேபிளில் கை வைக்கும்போது வெளியே ஒரு குழந்தை மயங்கி விழுந்தது. டியூப்பை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்து அவசரத்தில் லாரிக்காரருக்கும் எடுத்துவிட்டு, அப்புறம்தான் இரண்டுக்கும் சேர்த்து ஒட்டினாள்.

அவளே இரண்டு பேருக்கும் போன் போட்டாள். "அந்த மாத்திரையை இனிமே போடாதீங்க சார், உடனே வாங்க" என்று வாத்தியாரிடம் சொன்னாள். மத்தியானத்துக்குள் மறுபடி பரிசோதித்தார்கள். சந்தேகம் சரிதான். சர்க்கரை லாரிக்காரருக்கு.

நிலையத்து டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். இத்தனை வருஷப் பேர் எதுக்குக் கெடணும்?"

"மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு டாக்டர். நான்தான் மாத்தி ஒட்டினேன்."

அதையே போய் வாத்தியாரிடமும் சொன்னாள், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது. மனுஷன் பொரிந்து தள்ளிவிட்டார். வேண்டாத மாத்திரையால் வகுப்பில் இரண்டு முறை தலைசுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கத்தாமல் என்ன செய்வார்? அவர் ஓயும்வரை அவள் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கிற ஒருத்திக்கு அது லேசான காரியமில்லை. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அந்தத் தைரியம் வராது.

சாயங்காலம் வரவேற்பு மேசைப் பெண் அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள். "என்னாலதானேக்கா உங்க பேர் கெட்டுச்சு?"

"பைத்தியமா நீ? எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. செவ்வாய்க்கிழமையே தோணினதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"ஊசியக்கா தப்புப் பண்ணுவாங்களான்னு என்னையே திட்டிக்கிட்டேன். அதுவும் போக, உங்ககிட்ட வந்து சொல்லப் பயமா இருந்துச்சு."

ஊசியக்காவுக்கு, வாத்தியார் கத்தியபோது வராத அழுகை இப்போது வந்தது. லேபிள் மாறியது ஒரு நிமிஷத் தப்பு. தன்னிடம் வாய் திறக்க ஒரு பெண் ஒரு வாரம் பயந்திருக்கிறாள், அந்த ஒரு வாரமும் வாத்தியார் மாத்திரை விழுங்கியிருக்கிறார். இருபத்தாறு வருஷமாகக் கேட்டு வாங்கிய பட்டியலில் இதை யாரும் சொன்னதே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லும்மா. என்னைப் பாத்து எதுக்கெல்லாம் பயந்தே?"

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.