வெள்ளிமயில் சிகரெட்டில் சந்தன வாசனை

மைசூரில் தசரா யானையைவிட உயரமான மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் யாரும் நம்புவதில்லை. பெயர் பிரகாசம். தரையில் நின்றால் ஐந்தடி நான்கு அங்குலம். பொய்க்கால் கட்டிக்கொண்டால் பன்னிரண்டு அடி. பதினான்கு என்று சொன்னவர்களும் உண்டு. நான் அவர்கள் கட்சி.

வெள்ளிமயில் சிகரெட்டுக்கு விளம்பரம் செய்வது அவர் வேலை. நீலக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக மணிக்கூண்டிலிருந்து மார்க்கெட் வரை நடப்பார். மாடி ஜன்னல்களில் நிற்பவர்களுக்கு முகத்துக்கு நேராக வணக்கம் சொல்லி நோட்டீஸ் நீட்டுவார். ஒருநாள் கௌரம்மா என்ற புண்ணியவதி, பாவம் நடந்து களைத்த பிள்ளை என்று, மாடியிலிருந்தே பொரித்த அப்பளம் ஒன்றைக் கொடுத்தாள். மனிதர் நறுக் நறுக்கென்று தின்றுகொண்டே மார்க்கெட் போய்ச் சேர்ந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் மார்க்கெட்டில் ஓர் அப்பளம் மிச்சமில்லை.

கம்பெனி ஏஜெண்ட் நஞ்சுண்டசாமி இதைப் பார்த்துவிட்டார். வினை அங்கேதான் பிறந்தது.

"ஏனப்பா பிரகாசம், நோட்டீஸை எவன் படிக்கிறான்? உன் வாயைத்தான் பாக்கிறான். நாளையிலிருந்து மேலே நின்னு சிகரெட் பிடி. முடியாதுன்னா கட்டையை அவிழ்த்து வச்சிட்டுப் போ."

பிரகாசம் பிறந்ததிலிருந்து ஒரு பீடியைக்கூடத் தொட்டவரில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஜூடித். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாளெல்லாம் இருமுகிறவர்களுக்கு நடுவில் நிற்பவள். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு இவர்களுடைய கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்று முறை வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம்; மூன்றாவது ஓலைதான் பாக்கி. அந்த இரண்டு ஞாயிறும் பூசை முடிந்ததும் அவள் அவரைத் தூணோரம் நிறுத்தி வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறாள்.

"நீங்க விக்கிறதைப் பத்தி அப்புறம் பேசிக்கறேன். உங்க மூச்சுல புகையிலை வாசனை வந்துச்சோ, மூணாவது ஓலையை நானே போய் நிறுத்திடுவேன், பாத்துக்கங்க."

சிகரெட் பிடித்தால் பெண் போய்விடும். பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். வேலையில்லாதவனுக்கு அவள் அப்பா பெண் கொடுக்கமாட்டார்.

பிரகாசம் நேராக ஊதுபத்தி உருட்டும் கெம்பையனிடம் போனார். நடுவில் மூங்கில் குச்சி இல்லாமல், சுண்டுவிரல் கனத்தில், சந்தனப் பத்தி பத்து உருட்டித் தரச் சொல்லி, வெள்ளைக் காகிதம் சுற்றிக்கொண்டார். மறுநாள் தசரா பொருட்காட்சியில் அதை உதட்டில் செருகிப் பற்றவைத்து, உள்ளே இழுக்காமல் சும்மா நின்றார். அத்தனை உயரத்தில் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

கண்ணுக்குத்தான் எட்டாது. மூக்குக்கு எட்டிவிட்டது.

பொருட்காட்சி முழுவதும் கர்ப்பக்கிருகம் போல மணத்தது. இப்படியும் ஒரு சிகரெட்டா என்று ஜனம் கடைக்கு ஓடியது. அதுவரை புகை பிடிக்காதவர்கள்கூட வாங்கினார்கள். நஞ்சுண்டசாமிக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. மறுநாள் காலை அத்தனை பேரும் பாதி எரிந்த சிகரெட்டோடு திரும்பி வந்தார்கள். இதில் சந்தனம் எங்கே, மேலே நிற்பவருக்கு மட்டும் நல்ல சரக்கு, எங்களுக்குக் கழிசடையா என்று சண்டை. மேல்கோட்டைப் பெரியவர் ஒருவர், பெருமாளுக்கு ஆகும் வாசனையாயிற்றே என்று வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றைப் பற்றவைத்து, மூன்று நாள் விக்கினாராம். விக்கலில் அவர் குடுமி தானே அவிழ்ந்து தானே முடிந்துகொண்டது என்பார்கள். அதை நான் பார்க்கவில்லை.

நஞ்சுண்டசாமி ஏணி போட்டு ஏறி பிரகாசத்தின் வாயருகே மோந்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"கீழே இறங்கு."

கூட்டத்தில் வெள்ளை உடுப்போடு ஜூடித்தும் நிற்பதை பிரகாசம் அப்போதுதான் பார்த்தார். விளம்பரம் கூவுகிற தகரக் குழலை வாயில் வைத்தார்.

"ஸ்வாமி, எனக்குச் சிகரெட் பிடிக்கத் தெரியாது. இது கெம்பையன் உருட்டின ஊதுபத்தி. இதைச் சாமிக்கு ஏத்துங்க, வாயில வைக்காதீங்க. அந்தச் சிகரெட்டை வாங்கவே வாங்காதீங்க."

பொய்க்கால் கம்பெனிச் சொத்து. அங்கேயே அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, ஐந்தடி நான்கு அங்குலமாக அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜூடித்திடம் போவதற்குள் கெம்பையன் கடையில் பத்தி காலி. கெம்பையன் ஓடி வந்து, எனக்காக நட, இன்னும் ஒரு முழம் உயரமாகக் கட்டை செய்து தருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூடித் முகத்தை நீட்டினாள். அவர் ஊதினார்.

"சாமி வீடு மாதிரி இருக்கு," என்றாள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள்.

கல்யாணத்துக்கு நஞ்சுண்டசாமியும் வந்தார், நல்ல மனிதர்தான். சாப்பாடு முடிந்து வாசலில் ஒரு வெள்ளிமயிலைப் பற்றவைத்தார். பக்கத்தில் நின்றவர் மூக்கை உறிஞ்சி, "என்ன ஸ்வாமி, உங்களதுலயும் வாசனை வரலியே?" என்று மெத்த வருத்தத்தோடு கேட்டார். ஏஜெண்ட் அதைக் காலில் போட்டு நசுக்கிவிட்டு, இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டார்.