மூலை நாற்காலிக்கு எத்தனை நட்சத்திரம்?

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். முப்பத்தொரு வருடம் அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் லிஃப்ட் பழுது பார்த்தவர். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் போடும் சின்ன முனகலைக் கேட்டே எந்த உருளையில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு காது.

மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம். எதையும் நோட்டில் ஏற்றாமல் நம்ப மாட்டார். புகார், காரணம், தீர்வு என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவார். வேலையில் வந்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழாய் சொட்டினாலும் எழுதுவார், கதவு கிறீச்சிட்டாலும் எழுதுவார். ஒருமுறை அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வயிறு வலிக்கிறது என்று நான் சொன்னதும் நோட்டில் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் 'மூன்று தடவை வாங்கிக்கொண்டது' என்று எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போவதாகச் சொன்னார். டிவியிலிருந்து வரும் ஒலியைப் பிரித்து, அறையைச் சுற்றி வைத்திருக்கும் ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற பெட்டி. சாதாரணப் பெட்டி இல்லை. பணக்காரர்கள் வீட்டில் தனி அறை கட்டி வைத்துக்கொள்கிற ரகம். நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவன். வாய் சும்மா இருக்குமா?

"அத்தான், உங்க வீட்டு ஹால்ல நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆள் வாசல்ல நிக்கணும். இதுல தியேட்டர் எதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்காவுக்கு, மாப்ளே" என்றார்.

 எனக்குக் காரணம் தெரியும்.

இருபது வருடத்துக்கு முன்னால் வேலை செய்யும்போது அவர் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒன்றரை வருடம் படுக்கை. அக்கா அப்போது ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் பாட்டில் சோதிக்கும் வேலையில் இருந்தாள். வெளிச்சத்துக்கு முன்னால் காலி பாட்டில்கள் வரிசையாகப் போகும். விரிசல் விட்டது, விளிம்பு உடைந்தது எதுவும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. அமைதியான அறை. அத்தான் படுத்ததும் அவளே கேட்டு, கூடுதல் சம்பளம் தருகிற பாட்டில் நிரப்பும் கூடத்துக்கு மாறினாள். ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடுகிற இடம். காதுக்குள் வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். இரண்டு ஷிஃப்ட் பார்த்தாள். அத்தான் எழுந்து நடந்த பிறகும் ஆறு வருடம் அங்கேயே இருந்தாள். இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது பாதி.

அக்கா இதைச் சொல்லிக் காட்டி நான் கேட்டதில்லை. அத்தான் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "அவ காதைக் குடுத்துதான் நான் நடக்கறேன், மாப்ளே."

முன்பெல்லாம் இரண்டு பேரும் சனிக்கிழமை மதியக் காட்சி தவறவிட மாட்டார்கள். அக்கா படம் பார்ப்பதே ஒரு படம். வில்லனைத் திட்டுவாள், கதாநாயகிக்கு யோசனை சொல்வாள். ஏழு வருடம் முன்பு ஒரு நாள் பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டாள். "எல்லாரும் வாயை மெல்றாங்க, ஒரு வார்த்தை புரியல. இனிமே நீங்க பாருங்க" என்றாள். காதுக் கருவி வாங்கினார்கள். கடைத்தெருவுக்கு அது உதவியது. படத்தில் பேச்சோடு சேர்த்து இடியையும் வெடியையும் பெரிதாக்கிக் கொடுத்ததால் கழற்றி வைத்தாள். அத்தான் ஹாலில் டிவி போட்டால் அவள் உள்ளறைக்குப் போய்க் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தாள். அத்தானும் படம் பார்ப்பதை விட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் இருந்தார்கள். அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பெட்டியை வாங்குவதற்கு முன் அத்தான் ஐந்து மாதம் ஆராய்ச்சி செய்தார். ஏற்கெனவே வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து நோட்டில் ஏற்றினார். நூற்று நாற்பத்திரண்டு கருத்து. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் வாசித்துக் காட்டுவார்.

ஒருவர் எழுதியிருந்தார்: 'பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். ஐந்து நட்சத்திரம்.' இன்னொருவர்: 'தூக்கி வைக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. படுத்துக்கொண்டே கேட்கிறேன், அருமை.' ஒரு பெண்மணி: 'ரிமோட்டில் ஐம்பத்திரண்டு பொத்தான். எனக்குத் தெரிந்தது நாலு. அந்த நாலும் நன்றாக வேலை செய்கின்றன.' ஒருவர் பெட்டியைப் பிரிக்காமலே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார், அட்டைப்பெட்டி அழகாக இருக்கிறதாம்.

"வாங்கின அன்னிக்கே எழுதறவனை நம்பக்கூடாது" என்பார் அத்தான். "கல்யாணமான மறுநாள் மாப்பிள்ளைகிட்ட கேட்ட மாதிரி. ஒரு வருஷம் கழிச்சு எழுதறான் பாரு, அதுதான் கருத்து."

நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் சொன்னதை அடிக்கோடிட்டார். ஒரு நட்சத்திரக்காரர்களைக் கவலையோடு படித்தார். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. எந்தப் பக்கமும் சேராத ஆட்கள் என்று ஓரத்தில் 'பொருந்தாது' என்று எழுதித் தள்ளிவிட்டார்.

பெட்டி வந்தது. பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தான் அதையும் நோட்டில் ஒட்டிக்கொண்டார்.

அந்தப் பெட்டிக்கு அறையை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். கூடவே வருகிற சின்ன மைக்கை முக்காலித் தாங்கியில் பொருத்தி, படம் பார்ப்பவரின் காது உயரத்தில் வைத்தால், ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் கூவும். அந்தக் கூவல் மைக்குக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்து, பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரு சின்னச் சத்தம்கூட இருக்கக் கூடாது. அத்தான் மின்விசிறியை நிறுத்தினார், குளிர்சாதனப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். கடைசியாக அக்காவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்.

"நீ இருந்தா பாத்திரத்தைத் தொடுவ. ஒரு மணி நேரம் பேசிட்டு வா."

பிறகு அளவு நாடாவும் ரசமட்டமும் எடுத்து, சோபாவின் நட்டநடுவில் மைக்கை நிறுத்தி வேலையை முடித்தார். முப்பத்தொரு வருடம் லிஃப்டை மாடித் தளத்தோடு ஒரு நூல் பிசகாமல் நிறுத்தியவர். மைக்கும் ஒரு நூல் பிசகவில்லை.

அந்த ஞாயிறு நான் நடு சோபாவில் உட்கார்ந்தேன். திரையில் மழை பெய்தது. நான் நனைந்துவிட்டேனோ என்று சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு டீச்சர், அவர் கணவர், மாடியில் குடியிருப்பவர் எல்லாரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் சோபாவில் உட்கார்ந்து 'அடேயப்பா' என்றார்கள்.  அத்தான் பார்த்துக்கொண்டிருந்தது அக்காவை மட்டும்தான். அவள் சமையலறைக் கதவை ஒட்டிய மூலை நாற்காலியில் உட்கார்ந்து இருபது நிமிடம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குறுக்கெழுத்துப் புத்தகம் திறக்கிற சத்தம் அத்தானுக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் படாத பாடு பட்டார். ஒலியைக் கூட்டினார், மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். அக்காவைச் சோபாவில் வந்து உட்காரச் சொன்னார். பள்ளமான சோபாவிலிருந்து எழ அக்காவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியை நடுவில் போடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாங்க. இந்த மூலைதான் எனக்கு. இடது பக்கம் யார் வந்தாலும் எனக்குத் தெரியாது. இங்க சுவர் இருக்கு, நிம்மதியா இருக்கு" என்றாள்.

பதின்மூன்றாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு கருத்தும் எழுத வேண்டும். "ஒரே ஒரு நட்சத்திரம் போடு, மாப்ளே. அதுவும் ஒண்ணாவது போட்டாத்தான் எடுத்துக்கறாங்களேன்னு" என்றார்.  நான் போனை எடுத்துக் கருத்து எழுதும் பக்கத்தைத் திறந்தேன்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். கையில் அத்தானின் நோட்டு. காலையிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாளாம். நூற்று நாற்பத்திரண்டு கருத்தையும், வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டில் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறாள். ஓர் இடத்தில் விரலை வைத்திருந்தாள். ஓரத்தில் அத்தான் 'பொருந்தாது' என்று எழுதிய மூன்று நட்சத்திரக் கருத்து.

"இதைப் படி, தம்பி" என்றாள். அத்தானும் கேட்கட்டும் என்று நான் உரக்கப் படித்தேன்.

'முதல் மூன்று மாதம் எனக்கு இது வெறும் பெட்டி. என் தாயார் சுவரோரம் சக்கர நாற்காலியில் இருப்பவர். மூலையில் இருப்பவருக்கு அதிரும் சத்தமெல்லாம் சுவரில் மோதிக் குவிந்து பேச்சை மூழ்கடித்துவிடும். இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. யாருக்காக வாங்கினீர்களோ அவர் உட்காரும் இடத்தில் மைக்கை வையுங்கள். நடு ஸ்பீக்கரில்தான் பேச்சு வரும்; அதை அவர் பக்கம் திருப்பி, இரண்டு படி ஏற்றுங்கள். புத்தகத்தில் இது இல்லாததால் இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன்.'

அக்கா அத்தானைப் பார்த்தாள். "அந்த மைக்கை நீங்க எங்க வெச்சீங்க?"

"சோபா நடுவுல."

"அங்க யாரு உக்கார்றா?"

அத்தான் சோபாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஞாயிறுதோறும் ஓசியில் வந்து உட்காருகிற ஒரே ஆள் நான்தான். தன் சேமிப்பையும் ஐந்து மாத உழைப்பையும் கொட்டி, மைத்துனனின் காதுக்கு ஒலி சரிசெய்து கொடுத்திருக்கிறார் மனுஷன். யாருக்காக வாங்கினாரோ அவளை, சத்தம் போடுவாள் என்று வீட்டை விட்டே அனுப்பிவிட்டு.

தலையில் அடித்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தார். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துக் காது உயரம் அளந்தார். அவள் போட்டோவுக்கு உட்காருவது போல நிமிர்ந்தாள்.

"நிமிராத. எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காரு."

"எப்பவும் எப்படி உக்கார்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்று அவள் தோளை மெல்ல அழுத்தி, வலது காது திரையைப் பார்க்கும்படி தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்தார். அளந்து முடித்ததும் அவளை எழுப்பி, அந்த இடத்தில் மைக்கை வைத்தார். இந்தத் தடவை யாரையும் வெளியே அனுப்பவில்லை. மூன்று பேரும் சுவரோடு சுவராக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் கூவின. எனக்கு மூக்கு அரித்தது. அக்கா முறைத்த முறைப்பில் தும்மல் வந்த வழியே போய்விட்டது.

பிறகு நடு ஸ்பீக்கரை மூலைப் பக்கம் திருப்பினார், இரண்டு படி ஏற்றினார், ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டார். ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலை தேடும் இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை. அத்தான் திரையைப் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒரு காட்சியில் தம்பி அண்ணன் காதில் கிசுகிசுப்பான்: "மூச்சை விடாதே, பொத்தான் தெறிச்சுடும்." அவ்வளவு மெல்லச் சொல்கிற வசனம். நான் சிரிப்பதற்குள் அக்கா சிரித்துவிட்டாள். சத்தமாக, பழைய மதியக் காட்சிச் சிரிப்பு. "அடப்பாவி, இவன் உருப்படுவானா!" என்று அந்தத் தம்பியைத் திட்டவும் திட்டினாள்.  குறுக்கெழுத்துப் புத்தகம் உள்ளறையில் கிடந்தது, யாரும் அதைத் தேடவில்லை.

படம் முடிய அரை மணி இருக்கும்போது மேளதாளத்தோடு ஒரு பெரிய கூட்டக் காட்சி வந்தது.

"என்னங்க, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றாள் அக்கா.

அத்தான் திரும்பி, "என்ன?" என்றார்.

"சத்தத்தைக் குறைங்கன்னேன். உங்களுக்கென்ன காது கேக்கலையா?"

அவர் ரிமோட்டை எடுத்தார். ஐம்பத்திரண்டு பொத்தானில் எது என்று அவருக்குத் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. நான்தான் வாங்கி அழுத்தினேன். இப்போது நடு சோபாவில் ஒலி கொஞ்சம் கோணலாகத்தான் கேட்கிறது. மழை பெய்தால் என் சட்டை நனைவதில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

படம் முடிந்ததும் அந்த மூன்று நட்சத்திரக்காரருக்கு இரண்டே வரியில் நன்றி எழுதச் சொன்னார் அத்தான். 'நீங்கள் யாரென்று தெரியாது. உங்கள் தாயாரும் நீங்களும் நன்றாக இருக்க வேண்டும்.' அடுத்து அத்தானின் சொந்தக் கருத்து. எத்தனை நட்சத்திரம் என்று கேட்டேன். இருக்கிற எல்லாவற்றையும் போடச் சொன்னார். கருத்தை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். வேறு மாதிரி எழுத அவருக்குத் தெரியாது.

'புகார்: சத்தம் அதிகம் என்று என் மனைவி சொன்னாள். காரணம்: அவளுக்குக் கேட்கிறது. தீர்வு: உடனே குறைத்தோம்.'