நாலு சில்லிலும் ஆணி

மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கத்து ரயர்க்கடை ஒன்றில் முன்மேசையில் வேலை செய்கிறேன். காலையில் கடை திறக்கும்போதே யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். முகத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ கடும் வருத்தம் என்று நினைப்பீர்கள். விசாரித்தால், காரின் சில்லு ஒன்றில் ரயருக்குள் ஓர் ஆணி ஏறியிருக்கும். ஒரேயொரு ஆணி. அதைத் தொடவும் பயந்து, காரை மெல்ல உருட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் குறட்டால் அதைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துக் கொடுப்பார்கள். வந்தவர் போன பிறகு அந்த ஆணியை எடுத்து என் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவேன். நான் இந்தக் கடைக்கு வந்து பதினாறு வருடமாகிறது, லாச்சியை இழுத்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். கடையில் எனக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமை. சித்தியின் மகள் சுபாவில் பொறாமை. அவள் நோர்வேயின் வடக்கில், குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியனே எழும்பாத ஓர் ஊரில் இருக்கிறாள். ஒவ்வொரு ஒக்ரோபரும், இங்கே நாங்கள் கம்பளிகளை மடித்து அலுமாரிக்குள் வைக்கும் நாட்களில், அவளிடமிருந்து ஒரு வீடியோ வரும். அவளுடைய கணவர் குகன் வீட்டு முற்றத்தில் முழங்காலில் இருந்து, கோடைகால ரயரைக் கழற்றிக் குளிர்கால ரயர் மாட்டுவார். அந்த ரயரில் நூற்றுக்கும் மேலே ஆணிகள் வரிசை வரிசையாக அடித்திருக்கும். அவர்கள் அதைப் 'பிக்டெக்' என்பார்கள். குகன் ஒவ்வொரு ஆணியாக விரலால் தடவிப் பார்ப்பார், ஆடுகிறதா, கழன்றிருக்கிறதா என்று. அதன் பிறகுதான் சுபாவிடம் காரின் திறப்பைக் கொடுப்பார். பிறகு சுபா உறைந்துபோன வீதியில் ஓட்டிக் காட்டுவாள். பிரேக்கை அழுத்தினால் கயிற்றில் கட்டி இழுத்ததுபோலக் கார் நிற்கும். பக்கத்தில் ஆணியில்லாத கார் ஒன்று நிற்க மனமில்லாமல், மெல்லத் திரும்பித் திரும்பி வழுக்கிப் போகும். 'பாத்தீங்களா அக்கா' என்று சுபாவின் குரல் கேட்கும். நான் ஓர் இதயப் படம் அனுப்பிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பேன்.

ஒருமுறை அந்த வீடியோவை எங்கள் மெக்கானிக் டேவிடம் காட்டினேன். அவன் வியப்பான் என்று எதிர்பார்த்தேன். என்னுடைய காருக்கும் அப்படி ரயர் வேண்டுமென்று நான் கேட்பதாக அவன் நினைத்துவிட்டான். பாவம், வேலையை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, ஆணி ரயர் வீதியைக் கிழித்துவிடும், இங்கே ஓட்டவிடமாட்டார்கள் என்று என் தோளில் தட்டிச் சொன்னான். எனக்கு ரயர் வேண்டாம், டேவ் என்றேன். அப்போ என்ன வேண்டும் என்று கேட்டான். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

குகன் முதலில் எனக்குப் பேசிய மாப்பிள்ளை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அப்பா யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பொருளாதாரத் தடை இருந்த காலம், புது ரயர் என்பது கதையில் வரும் பொருள். வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்து, தைத்தும் ஆணி அடித்தும் அப்பா ஓடவைப்பார். ஆணியடித்த ரயரோடு ஒருவன் வந்தால் அவனுடைய வீட்டு நிலைமை முழுவதையும் அப்பா சொல்லிவிடுவார். அந்த நேரத்தில்தான் நோர்வேயிலிருந்து குகனின் படம் வந்தது. பனிக்குள் ஒரு காரின் பக்கத்தில் நிற்கிறார். முன்சில்லு படம் எடுத்தவரின் பக்கம் திரும்பியிருக்கிறது, அதில் மினுமினுவென்று புள்ளிகள். அப்பா பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டுச் சில்லைப் பார்த்தார்.

"இவன் வெடிச்ச ரயருக்கு ஆணி அடிச்சு ஓட்டுறான். ஒரு ரயர் வாங்க வழியில்லாதவன் உன்னை என்னெண்டு பாப்பான்?"

அம்மா முணுமுணுத்தா. நான் சிரித்தேன். மூக்குக் கொஞ்சம் பெரிது, நாடு குளிர், இப்போது ரயரும் பொத்தல். நல்லதாகப் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். படம் திரும்பிப் போனது. நாலு மாதம் கழித்து அதே மாப்பிள்ளை சுபாவுக்குச் சரிவந்ததாகக் கேள்விப்பட்டோம். ஆணி விஷயம் சித்திக்குத் தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த ரியூப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அது அவையின்ரை பாடு என்றார். சுபா கொழும்புக்கு பஸ் ஏறிய நாளில் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். இரக்கத்தில் அழுதேன். பொத்தல் ரயர்க்காரனிடம் போகிறாளே என்று. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒரு வருடம் கழித்து, எனக்கு அடுத்ததாகச் சரிவந்த மாப்பிள்ளை ரமணன் ஸ்பொன்சர் செய்து நான் மெல்பேர்ன் வந்தேன். ரமணன் நல்ல மனிதர். குடியில்லை, கோபமில்லை, டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் வேலை, வீட்டுக்கு வந்தால் குசினியில் வெங்காயம் வெட்டித் தருவார். ஆனால் என்னுடைய காரின் சில்லை இத்தனை வருடத்தில் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. ரயர்க்கடையில் வேலை செய்கிறவளின் ரயரை நான் ஏன் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். நியாயம்தான். நியாயத்தால் என் பொறாமை குறையவில்லை.

வந்த புதிதில் சுபாவின் கடிதத்தில் அந்த விஷயத்தைப் படித்தேன். அங்கே குளிருக்கென்றே ரயருக்கு ஆணி அடித்து விற்கிறார்கள், வேலையிருக்கிற ஆட்கள் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அன்றைக்கே ரெலிபோன் காட் ஒன்று வாங்கி அப்பாவுக்கு எடுத்தேன். அப்பா, அது வெடிச்ச ரயர் இல்லையாம், வழுக்காமல் இருக்க அடிக்கிற ஆணியாம் என்று சொன்னேன். அப்பா, "அப்பிடியோ," என்றார். அவ்வளவுதான். பாவம், இப்போதுதான் கேள்விப்படுகிறார், தன் பிழையை நினைத்துக் கவலைப்படப் போகிறார் என்று நானே பேச்சை மாற்றினேன். அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அந்த 'அப்பிடியோ'வை நான் இந்த யூலை வரைக்கும் நம்பியிருந்தேன்.

இந்த யூலையில் சுபாவும் குகனும் இங்கே வந்தார்கள். அவர்களுக்குக் கோடை விடுமுறை, எங்களுக்கு நடுக்குளிர். எங்கள் நாட்டிலும் பனி இருக்கிறது என்று காட்டாமல் அவர்களை அனுப்ப எனக்கு மனமில்லை. மெல்பேர்னிலிருந்து மூன்றரை மணித்தியாலம் ஓடினால் பனிமலை. ரமணன் ஓட்டினார். மலைக்கு ஏறுமுன் கடையொன்றில் சில்லுச் சங்கிலி வாடகைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். கடைக்காரப் பெண், பனியில் முன்பு ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை, இவர்கள் நோர்வே என்று சுபாவைக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்து, நோர்வேயில் யானைகளும் உண்டா என்று சுபாவிடம் கேட்டாள். எங்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு எந்த நாடு காதில் விழுந்ததோ தெரியாது. சுபா, "இல்லை, மான்தான்," என்றாள். நோர்வேக்காரி என்று அவளையே யாரும் நம்பவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

பாதி மலையில் சங்கிலி மாட்டச் சொல்லி மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். ஓரமாக நிறுத்தினோம். பகல் பதினொரு மணி, வெயில் ஏறி, வீதியில் கிடந்த ஐஸின் மேல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ரயர்க்கடைக்காரி நான்தானே என்று சங்கிலியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் கடையில் ஒருநாளும் சங்கிலி கண்டதில்லை. அது என் கையில் நூல்கண்டுபோலச் சிக்கிக்கொண்டது. "தாங்கோ மச்சாள்," என்று குகன் வாங்கிக்கொண்டார். ரமணன் சூட்டுக்குக் கீற்றரைப் போட்டுக்கொண்டு ஸ்ரியரிங்கில் இருந்தார். முன்னுக்கு எடுங்கோ என்றால் எடுப்பார், நிப்பாட்டுங்கோ என்றால் நிப்பாட்டுவார்.

குகன் நனைந்த தாரில் முழங்காலை ஊன்றினார். என்னுடைய காரின் சில்லின் முன்னால். ஒக்ரோபர் வீடியோக்களில் பார்த்த அதே கை, அதே குனிவு. வேலை செய்துகொண்டே கதைத்தார். புதுப்பனியில் ஆணி பெரிதாக உதவாது, அங்கே ரப்பரின் மென்மையும் அதில் வெட்டிய கோடுகளும்தான் பிடிக்கும். காய்ந்த தாரில் ஆணி வெறும் சத்தம், நிற்பதற்கும் கூடுதல் தூரம் எடுக்கும். இதோ இந்த மாதிரி, சைபர் பாகைக்குப் பக்கத்தில் நின்று, மேலே தண்ணீர் கசிகிற ஐஸ்தான் ஆளைக் கொல்லும், அதற்குத்தான் ஆணி. கடும் குளிரில் இறுகிய ஐஸ் இவ்வளவு மோசமில்லை என்றார். நான் தலையாட்டினேன். என் நெஞ்சும் அப்போது சைபருக்குப் பக்கத்தில்தான் நின்றது.

சுபா என்னைக் கைபிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். வழுக்கும் என்று என்னைப் பிடித்தாளாம். குகனைப் பார்த்துச் சிரித்தபடி, பெரியப்பா இதைக் கேட்க இல்லையே என்றாள். எதை என்று கேட்டேன்.

"ஆணி ரயர்க் கதையைத்தான். இவருக்கு என்னைக் கேட்டது பெரியப்பாதானே."

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு என் முகம் விளங்கவில்லை. அக்காவுக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன் என்று சொல்லிச் சொல்லி, முழுக்கதையையும் அவிழ்த்தாள். படம் திரும்பிப் போய் இரண்டு மாதத்தில், கலியாண வீடொன்றுக்கு நோர்வேயிலிருந்து வந்த ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடிக்க அப்பாவின் கடைக்கு வந்திருக்கிறார். அப்பா அவரிடம் ஆணி ரயரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அன்று பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டு நேரே சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"அவர் சொன்னதை நான் குசினிக்குள்ளை நிண்டு கேட்டனான், அக்கா. 'நான் பிழைவிட்டிட்டன். பொடியன் கவனமான பொடியன். என்ர பிள்ளையிட்டைப் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் சுபாவுக்குப் பாருங்கோ' எண்டவர்."

வாய் வராது. ஊரிலுள்ள பொத்தல் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுத்த மனிதருக்கு, தன் மகளிடம் ஒரு வசனம் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொல்லியிருந்தால் நான் குகனுக்கு ஓம் என்றிருப்பேனா? தெரியாது. மூக்கு அப்போதும் பெரிதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வேண்டாம் என்று இரண்டாம் முறை சொல்லும் உரிமையாவது எனக்கு இருந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் சுபாவிடம் கொடுத்துவிட்டார். அந்த மலையில், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளில் எனக்கு வந்த பொறாமையை எழுத வெட்கமாக இருக்கிறது. அவளுடைய கணவரில்லை அதற்குக் காரணம். என் அப்பா தன் பிழையை ஒப்புக்கொண்ட குரலை அவள் கேட்டிருக்கிறாள், நான் கேட்கவில்லை.

"இறுக்கம் சரியோ, மச்சாள்? நீங்கள்தானே ரயர்க்காரி," என்று குகன் கூப்பிட்டார். போய்க் குனிந்து சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ரமணன் கண்ணாடியை இறக்கி, ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டார். பனி வெளிச்சம் என்றேன். தன்னுடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு மேலே போய், நாலுபேரும் பனியில் நின்று படமெடுத்தோம். நான் எல்லாப் படத்திலும் சிரிக்கிறேன்.

நேற்று இந்த வருடத்து ஒக்ரோபர் வீடியோ வந்தது. இங்கே முப்பது பாகை வெயில், கடைக்குள் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் படத்தை அகட்டினேன். மாப்பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டுச் சில்லைப் பார்த்தேன். அப்பாவும் பூதக்கண்ணாடியோடு இப்படித்தான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போக, மூன்றாவது வரிசையில் ஓர் ஆணி இல்லை. வெறும் குழி.

சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லப் போவதில்லை, ஒரு நிமிடம் முழுவதும் சந்தோஷப்பட்டேன். பிறகு அந்த ஊர் வீதியும், நிற்காமல் வழுக்கிப் போன அந்தக் காரும் ஞாபகம் வர, அவசரமாக எழுதினேன். முன் இடப்பக்கச் சில்லு, மூன்றாவது வரிசை, ஓர் ஆணி இல்லை, குகனிடம் சொல்லு. பதில் உடனே வந்தது.

"இவர் காலமையே பாத்திட்டார் அக்கா. அந்த ஒண்டால ஒண்டும் நடக்காதாம். ஆனா நாளைக்கு மாத்துறாராம்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போனேன். என்னுடைய கார் வெயிலில் நின்றது. தார் காலைச் சுட்டது. குனிந்து நாலு சில்லையும் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ரப்பர் கொதித்தது. எல்லாம் நல்லாகத்தான் இருந்தன, எங்கேயும் எதுவும் குத்தியிருக்கவில்லை. உள்ளே ஒரு லாச்சி நிறைய ஆணி இருக்கிறது, எல்லாம் ஊராரின் சில்லில் ஏறியவை. என்னுடையதிலும் ஒன்று ஏறியிருக்கக் கூடாதா, ரமணன் குனிந்து அதைக் கண்டிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.