குரோம்பேட்டையில் ஒரு காற்புள்ளி

காலை ஐந்தே முக்காலுக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. நான் எழுதிய நிரல் அதற்குள் நூற்று நாற்பது துளையட்டைகளாக, ரப்பர் பட்டை போட்டு இருந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை நிறைய நிற்கும் இயந்திரம். அதனிடம் எதைச் சொல்வதானாலும் அட்டையில் துளைபோட்டுத்தான் சொல்ல வேண்டும். திருச்சியில் ஒரு கல்லூரியில் எனக்கு அதுதான் வேலை.

நடைமேடையில் கிரேஸ் டீச்சர் காத்திருந்தார். தாம்பரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஏறக்குறைய என் வயதுதான். கடிதங்களில் மட்டுமே பழகியிருந்தோம். அவருடைய திருச்சபைக்கு ஜெர்மனியிலிருந்து ஆயிரத்து இருநூறு படிக்கும் கண்ணாடிகள் நன்கொடையாக வந்திருந்தன. கண்ணாடிக்கு ஒரு துளையட்டை, அங்கேயே துளையிட்டு அனுப்பியது; அதில் வரிசை எண்ணும் பவரும். பள்ளிக்கரணையில் கண் பரிசோதித்த 212 பேருடைய பட்டியலும் அட்டைகளில் தயார். யாருக்கு எந்தக் கண்ணாடி என்று பொருத்தித் தருவதுதான் என் நிரலின் வேலை. அன்று மாலை நான்கு மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லிவிட்டார்கள். அவர்களைப் பரிசோதித்த கண் டாக்டர் மறுநாள் வெளியூர் போகிறார்.

ஏழு மணிக்கு நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லியும் காபியும், எழுபது பைசா. கிரேஸ் என்னைக் கொடுக்க விடவில்லை.

எட்டரைக்கு சலீம் பாய் வேனோடு வந்தார். பல்லாவரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தே பவர் சொல்லிவிடுவார் என்று கிரேஸ் சொன்னார். பின்னால் கண்ணாடிப் பெட்டிகள் குலுங்க, ஜி.எஸ்.டி. சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய், குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். அவர்களுடைய கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் இரவல் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள்: பத்து முதல் பதினொன்று வரை. அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கிடையாது.

அந்தக் குளிர்ந்த அறையில் அட்டைகள் சடசடவென்று உள்ளே போயின. பத்தேகாலுக்குத் தாள் அச்சாகி வெளியே வந்தது. 212 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இல்லை’.

சலீம் பாய் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா மேடம், ஆயிரத்து எரநூறு கண்ணாடி கீது. ஒண்ணுகூட யாருக்கும் ஆவாதா?”

அவரே வேனுக்குப் போய் ஒரு கண்ணாடியை எடுத்துவந்து, ஜன்னல் கம்பிக்கு நேரே பிடித்து ஆட்டிப் பார்த்தார். “ஒண்ணேகால்” என்றார். உறைமேல் இருந்த எண்ணை வைத்து அந்தக் கண்ணாடிக்குரிய அட்டையைத் தேடி எடுத்தேன். வரிசை எண் 1.047. பவர் 1,25.

அப்போதுதான் உறைத்தது. நாம் தசமப் புள்ளி வைக்கிற இடத்தில் ஜெர்மன்காரர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள். ஆயிரத்தைப் பிரிக்க நாம் காற்புள்ளி போடுகிற இடத்தில் புள்ளி. நானோ, லட்சத்தை 1,00,000 என்று எழுதினாலும் வெள்ளைக்காரன் பாணியில் 100,000 என்று எழுதினாலும் ஒன்றாகவே படிக்கட்டும் என்று, காற்புள்ளி எங்கே வந்தாலும் எடுத்துவிடும்படி எழுதியிருந்தேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைதான் ஒன்றேகாலை நூற்றிருபத்தைந்து ஆக்கியிருந்தது.

மணி பத்து இருபத்தைந்து. ஜெர்மன் அட்டைகளைப் படிக்கும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். துளையிடும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, காற்புள்ளியைப் புள்ளியாக்கு, பிறகு ஆயிரத்துப் புள்ளியை எடுத்துவிடு என்று இரண்டு மாற்றங்களையும் தாளில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கிரேஸ் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

“மொதல்ல காற்புள்ளிய புள்ளியா மாத்திட்டா, அப்புறம் புள்ளிய எடுக்கும்போது நாம வச்ச புள்ளியும் சேந்து போயிடாதா?”

போயிருக்கும். மறுபடியும் நூற்றிருபத்தைந்துதான். முதலில் இருக்கிற புள்ளிகளை எடுத்துவிட்டு, அப்புறம் காற்புள்ளியைப் புள்ளியாக்கும்படி வரிசையைத் திருப்பிப் போட்டேன். பத்து நாற்பத்தைந்துக்குப் புது அட்டைகள் உள்ளே போயின. கிரேஸ் கண்ணை மூடிக்கொண்டார். சலீம் பாய் அச்சு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

212 பேரில் 187 பேருக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. மீதி இருபத்தைந்து பேருக்குத் தானே லென்ஸ் தேய்த்துத் தருவதாக சலீம் பாய் அங்கேயே சொல்லிவிட்டார். நேரம் முடிய நான்கு நிமிஷம் இருந்தது.

மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கரணை. தாம்பரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் கூட்டம் வாசல்வரை நின்றது. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. கிரேஸ் தொண்டை வறள ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மூன்றாவதாக வந்தவர் ஏகாம்பரம், ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். கண் மங்கி, ஒரு வருஷமாகக் கடையைச் சாத்தி வைத்திருந்தாராம். இரண்டரை பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒலிபெருக்கிப் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

“கம்பி விட்டுப்போயிகீது. எனக்கே தெரியுது சார்” என்று டாக்டரிடம் சொன்னார்.

கம்பியைப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்துவர ஒருவர் சைக்கிளில் விரைந்தார். அரை மணியில் கிரேஸின் குரல் சதுப்பு நிலம் முழுக்க அதிர்ந்தது. கோரைக்குள் இருந்த நாரைகள் மொத்தமாக மேலே எழும்பின. கண்ணாடி போட்டவர்கள் பறவைகளை விட்டுவிட்டு, அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறரை மணிக்குத் தாம்பரத்தில் திருச்சி வண்டி ஏறினேன். வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டும்வரை வெளிச்சம் இருந்தது. திருச்சியில் என் மேசைக்கு அட்டைகள் மட்டும்தான் வரும். அவற்றின் பின்னால் இருக்கும் ஆட்களை நான் பார்த்ததில்லை. எண் எங்கேயும் எண்தான் என்று நினைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எந்த ஊரிலிருந்து அட்டைக்கட்டு வந்தாலும் பிரிப்பதற்கு முன் ஒரு கடிதம் போடுவேன்: உங்கள் ஊரில் ஒன்றேகாலை எப்படி எழுதுவீர்கள்?