ஆற்றில் இறங்கும் படி

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நாலாவதோடு நின்றவன், மன்னித்துப் படியுங்கள்.

மைசூர் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பஸ் ஓட்டுகிறேன். அங்கேயே இலவச இடத்தில் என் மகள் நாலாவது படிக்கிறாள். எங்கள் வீடு எங்கே இருக்கிறதென்று வகுப்பில் யாரிடமும் அவள் சொன்னதில்லை.

ஆறுகள் பாடத்துக்குப் பிள்ளைகளை ஆற்றுக்கே கூட்டிப்போக வேண்டும் என்றார் டீச்சர். போனில் மேப்பைக் காட்டி, விருஷபாவதி ஆற்றில் எங்கே இறங்கலாம் என்று டிரைவர்களைக் கேட்டார். நீலக் கோடு எங்கள் வீட்டுப் பின்புறம் ஓடியது. நாங்கள் மோரி என்று சொல்கிற சாக்கடை ஓர் ஆறு என்று அன்றுதான் தெரிந்தது. எதற்கும் வாய் திறக்காதவன், பெருமை தாங்காமல், "எங்க வீட்டாண்ட படி இருக்கு மேடம்" என்றேன். மகளைக் கேட்கத் தோன்றவில்லை.

அங்கே போனதும், நீரின் வேகம் பார்க்கப் பிள்ளைகள் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டார்கள். நுரையில் சிக்கி நின்றுவிட்டது. துணி பிழிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா என் மகளைப் பார்த்து, "இன்னாடி, கூட்டாளிங்கள நம்ம மோரிக்கு டூர் இட்டாந்துட்டியா?" என்றாள்.

டீச்சருக்குச் சந்தோஷம். "நீ இங்கயா இருக்கே? கரையில இருக்கறவங்கள கேட்டு எழுதணும். எல்லா குரூப்புக்கும் நீயே பதில் சொல்லு."

மகளைப் படியில் நிற்கவைத்தார். பிள்ளைகள் மொத்தம் ஆறு குரூப். கன்னடமும் இங்கிலீஷுமாகக் கேட்டார்கள், நான் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க பாத்ரூம் தண்ணி எங்க போகுது?"

"இதுல."

"கக்கூஸ்?"

"இதுலதான்."

"அப்ப ரிவர கெடுக்கறதே நீதான்" என்றான் ஒருவன். மூக்கைப் பிடித்தபடி சிரித்தார்கள்.

"எழுதிக்குங்க" என்றார் டீச்சர்.

ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மகள் என்னைப் பார்த்தாள். மேலே அபார்ட்மென்ட் குழாய்களும் இதில்தான் விழுகின்றன. தினமும் அந்த கேட்டில்தான் இந்தப் பிள்ளைகளை இறக்கிவிடுகிறேன். ஆரஞ்சுப் பையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. வெறும் கூச்சம்.

எல்லோரும் இறங்கிய பிறகு அவள் என்னோடுதான் வீட்டுக்கு வருவாள். அன்று அபார்ட்மென்ட் கேட்டிலேயே இறங்கினாள்.

"எங்கடி போற?"

"நடந்து வரேன். நீ போ."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். லாரிகள் பறக்கிற ரோட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை பையைச் சுமந்து நடக்கிறாள். காலி பஸ்ஸை அவள் பக்கத்தில் மெல்ல ஓட்டி ஹாரன் அடிக்கிறேன். திரும்புவதில்லை. பின்னால் வண்டிகள் கத்தத் தொடங்கியதும் அவளைத் தாண்டிப் போகிறேன்.

2024 நவம்பர் 17, ஞாயிறு.